பூரணமும் நான்காம் திருவிழாப் பொங்கலும்

பழிவாங்குவதை அரசாங்க விதிகளுக்கு உட்பட்டே செய்து காட்டிய பெருமை பிரிக்பீல்ட்ஸ் பூரணத்தையே சேரும். கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் இரத்தம் சோதித்தவர். 1993இல் அங்கே எச்.ஐ.வி. ஆராய்ச்சி தொடங்கியது. கிருமி புகுந்த உடம்பு என்னென்ன எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது, அவற்றில் எது உருப்படியாகச் சண்டை போடுகிறது என்று தெரிந்தால் ஒருநாள் தடுப்பூசி செய்யலாம். இது பெரியவர்களின் கனவு. கனவுக்குக் குழாய் கழுவியவர் பூரணம்.

செய்தி கோயில் தலைவர் கந்தப்புவை எட்டியது. ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. எதையும் வாயால் சொல்லமாட்டார், கடிதம்தான். போட்டார்: 'தாங்கள் அந்த இரத்தத்தைத் தொடுவதால், நான்காம் திருவிழாச் சர்க்கரைப் பொங்கலைத் தாங்கள் சமைப்பது மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தப்படுகிறது.'

ஆண்டுத் திருவிழாவின் நான்காம் நாளுக்காகப் பத்தொன்பது வருடம் பூரணம் கிண்டிய பொங்கல் அது. கல்யாணம், கார் எதையும் கேட்காத அந்தப் பெண்மணிக்கு வருடத்தில் அந்த ஒரு நாள்தான் சொத்து. அவர் அழவில்லை. கடிதத்தைக் கோப்பில் வைத்தார்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயற்றவர்களின் இரத்தமும் ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்டது. "எங்கட கோயில் குழுவை விட யோக்கியர் ஆர், டாக்டர்?" என்றார் பூரணம். அழைப்பு போயிற்று. கந்தப்பு ஒன்றே ஒன்று கேட்டார்.

"சர்ட்டிபிகேட் குடுப்பினமோ?"

"முத்திரை குத்தியே குடுப்பாங்க லா, அண்ணை."

பதினொரு கைகள் நீண்டன. கந்தப்புவுக்கு மட்டும் ஊசியை இரண்டு தரம் குத்தலாம் என்பதற்கு மேல் பூரணத்துக்கு அப்போது ஆசை இல்லை. விதி தாராளமாக இருந்தது. சோதனையில் மஞ்சள் நிறம் வந்தால் கிருமி என்று சந்தேகம். பத்துப் பேரின் சோதனையில் நிறமே இல்லை. கந்தப்புவினுடையது இலேசாக மஞ்சளித்தது.

காரணம் அவரே நிரப்பிய படிவத்தில் இருந்தது: லண்டன் மகளிடம் போவதற்காகப் போன வாரம் ஃப்ளூ தடுப்பூசி. அது போட்ட புதிதில் இந்தச் சோதனை எப்போதாவது ஏமாறும். இன்னொரு கறாரான சோதனை உண்மையைச் சொல்லிவிடும். அதை மறுநாளே செய்யலாம். பதினான்கு நாட்களுக்குள் செய்தால் போதும் என்கிறது விதி. பூரணம் விதியை மதிப்பவர்.

கந்தப்புவுக்குக் கடிதம் போயிற்று: 'தங்கள் இரத்தம் மறுசோதனையில் உள்ளது. மறு அறிவிப்பு வரும்வரை பொறுத்திருக்கவும்.'

அன்றிலிருந்து கந்தப்பு தனித் தட்டு, தனிக் கோப்பை வைத்துக்கொண்டார். மனைவி மீனலோசனி கேட்டதற்கு "சளி" என்றார். தினமும் போன் செய்தார்.

"ஒரு சொல்லுச் சொல்லன், பிள்ளை!"

"போன்ல சொல்லக்கூடாது அண்ணை. ரூல்ஸ்."

பதினான்காம் நாள் வந்து நின்றபோது அவர் சட்டை இரண்டு அளவு பெரிதாகியிருந்தது. காத்திருப்பு அறை மேசையில் ஒட்டிய உறை. பக்கத்தில் அடுக்குச் சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கல்.

"முதல்ல சாப்பிடுங்கோ."

"இது... நீ சமைச்சதோ?"

"அந்த இரத்தம் தொட்ட இதே கையாலதான்."

கந்தப்பு உறையைப் பார்த்தார். பொங்கலைப் பார்த்தார். சாப்பிட்டார்.

"இன்னுமொரு கரண்டி?"

அதையும் சாப்பிட்டார். பிறகுதான் உறை திறந்தது. கிருமி இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "உனக்கு முதலே தெரியுமோ?"

"சந்தேகம் இருந்தது. எழுத்தில வராததை வாயால சொல்லலாமோ, அண்ணை? நீங்கதானே பழக்கினது."

மறுநாளே கோயிலிலிருந்து கடிதம் வந்தது: தடை நீக்கம். அதுமுதல் ஒவ்வொரு நான்காம் திருவிழாவிலும் தலைவர் இலைக்குப் பூரணமே முதலில் வந்து மூன்று கரண்டி வைப்பார். ஒரு பருக்கை மிஞ்சாமல் முடியும்வரை எதிரிலேயே நிற்பார். கந்தப்புவுக்குச் சர்க்கரை வியாதி என்பது பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தெரியும். பூரணத்துக்கு இன்னும் யாரும் எழுத்தில் தெரிவிக்கவில்லை.