போனுக்குச் சொன்னது

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. பக்கத்துக் காம்பராவில் இருமினால் எங்கள் பாயில் தூக்கம் கலையும். அதனால் அடுத்தவருக்குத் தெரியக்கூடாததை நானும் மனைவியும் வாயால் பேசுவதில்லை. ஒரே பாயில் கிடந்துகொண்டு, போனில் எழுதிக் காட்டுவோம்.

நாற்பதை ஒட்டிய வயதில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. முன்பு ஒருமுறை லயம் முழுக்கத் தெரிந்து, பிறகு கலைந்து, வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே ஓய்ந்திருந்தாள். இந்த முறை மூன்று மாதம் முடியும்வரை ஒரு காதுக்கும் எட்டக்கூடாது என்றாள். கேட்க வேண்டியதையெல்லாம் போனிடமே கேட்டாள். பப்பாசி தின்னலாமா, கொழுந்துக்கூடை சுமக்கலாமா, மலையேறினால் என்ன ஆகும். எழுத்துக்குச் சத்தமில்லை என்று நம்பினோம். எங்கோ தூரத்தில் அதைச் சேர்த்துவைத்துக் கடைக்காரர்களுக்கு விற்பார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

பக்கத்து வீட்டு அக்கா, குவைத்தில் வேலைசெய்யும் மகளோடு பேச என் மனைவியின் போனைத்தான் வாங்குவாள். ஒருநாள் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகம் பூத்திருந்தது. திரையில் வரிசையாக விளம்பரம்: தொட்டில், பால்போத்தல், கர்ப்பிணிகளுக்கான சத்துமா. மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில், எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"என்னா தங்கச்சி, போனுக்குச் சொன்னத எங்களுக்குச் சொல்லலியே?"

ஆசையாகத்தான் கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாளாம். வீட்டுக்கு வந்தவள், கொழுந்து பறிக்கக் கட்டும் படங்குச் சாக்கைக்கூட இடுப்பிலிருந்து அவிழ்க்காமல் அப்படியே நின்றாள்.

மூன்றாம் மாதம் முடியவில்லை. கலைந்தது. மறுபடியும் எல்லோரும் வந்தார்கள், மறுபடியும் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். அக்கா வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனாள்.

போனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அது தன்பாட்டில் மாதம் எண்ணிக்கொண்டு போனது. வயிற்றில் பூச எண்ணெய் காட்டியது, பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பை, பிறகு பச்சைப்பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி. எங்கள் கந்தப்பளை மலைக் குளிருக்கு நல்ல தொப்பிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இனி வேண்டாம் என்று அந்த விளம்பரத்தை மறைக்கப் பார்த்தாள். ஏன் வேண்டாம் என்று கேட்டுக் காரணங்களை வரிசையாகக் காட்டியது. பிடிக்கவில்லை. அடிக்கடி வருகிறது. ஏற்கெனவே வாங்கிவிட்டேன்.

"இதுல நம்மளது எதுங்க?"

 அவளே, கடைசி வரியிலிருந்த 'ஏற்கெனவே வாங்கிவிட்டேன்' என்பதைத் தொட்டாள்.

மறுவாரம் திரையில், நடை பழகும் காலுக்குச் செருப்பு வந்தது.