சித்தியின் கை இறுகாமல் இருக்க

பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருக்கும் என் சித்தி, தோழிகளுக்குக் கம்பளி நூலில் ஏதாவது பின்னிக் கொடுப்பாள். படம் பார்த்துக்கொண்டேதான் பின்னுவாள். கதை இறுகினால் அவள் கையும் இறுகிவிடும்.

குளிர் நாட்டுக்கு வேலைக்குப் போகும் நர்ஸ் ஆன்ட்டிக்கு அவள் பின்னிய தொப்பி, ஒரு கொலைப் படத்தோடு முடிந்தது. தலையில் ஏறவே இல்லை.

"ஏண்டி, இது எனக்கா, எலுமிச்சம்பழத்துக்கா?" என்று ஆன்ட்டி சிரித்தார். சித்திக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடச் சிநேகம். மறுநாள் மாலை விமானம். தொப்பியை மொத்தமாகப் பிரித்துவிட்டாள்.

காலையில், "படமே வேண்டாம். நீ போன வாரம் முடிச்ச நாவலைச் சத்தமாப் படி" என்றாள்.

அதில் வரும் தபால்காரரை அவளுக்கு உடனே பிடித்துவிட்டது. அவர் செத்துப்போகும் இடம் வந்ததும் நான் அவள் விரல்களைப் பார்த்தேன். நூல் தளர்வாக ஓடிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் எட்டுப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படித்தேன்.

சற்று நேரத்தில் ஊசிகள் நின்றன.

"எங்கடி அந்தத் தபால்காரர்? ரொம்ப நேரமா ஆளையே காணோம்?"

தள்ளிவிட்ட பக்கங்களைக் கையால் மறைத்துக்கொண்டேன். சித்திக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லாதே. இன்னும் ஆறு வரிசைதான். அதுவரைக்கும் லீவுல போயிருக்காருன்னு வச்சுக்குவோம்."

தொப்பி ஆன்ட்டியின் காதுவரை நன்றாக இறங்கியது. அவரை வழியனுப்பிவிட்டு வந்ததும் சித்தி அந்த எட்டுப் பக்கங்களையும் படிக்கச் சொன்னாள். இரண்டாவது பக்கத்திலேயே அழ ஆரம்பித்தாள். தபால்காரர் அப்போது உயிரோடுதான் இருந்தார்.