கவிழ்த்து வைத்த டம்ளர்

இது நடந்தது. எனக்கே நடந்தது, போன வாரம். நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், அதில் எனக்கு வருத்தமில்லை. இப்போது மணி ஒன்று நாற்பது. அடுத்த அறையில் அக்கா விழித்துக்கொண்டு இருக்கிறாள். அவளிடம் பேசிப் பார்த்துவிட்டேன். பலனில்லை. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்றுதான் உங்களிடம் சொல்கிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இரண்டு மாதம்கூட முடியவில்லை. ரொம்பப் பழைய இடம். படிக்கட்டெல்லாம் நடுவில் தேய்ந்து குழி விழுந்திருக்கும். எங்கள் விடுதிக்கென்று ஒரு தனிப் பேச்சே உண்டு. புதிதாக வந்தவன் 'பச்சை'. பரீட்சையில் தோற்றவன் 'கருகல்'. மாணவர் தலைவன் 'மணியர்', சாப்பாட்டு மணி அவன் கையில்தான் இருக்கும் என்பதால். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பெயர் 'கிடங்கு'. இந்தச் சொற்களையெல்லாம் பச்சைகள் காதால் கேட்கலாம், வாயால் சொல்லக் கூடாது. முதல் பரீட்சை முடிந்த பிறகுதான் அந்த உரிமை.

எனக்கோ அந்தச் சொற்கள் மீது பைத்தியம். தினமும் ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாகச் சொல்லுவேன். அவள் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். காலேஜ் வாசலை மிதித்ததில்லை. என் வழியாக அவளும் அங்கே படிப்பது மாதிரி ஒரு சந்தோஷம் அவளுக்கு. "டேய் பச்சை, கிடங்குல இன்னிக்கு என்னடா போட்டாங்க?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பாள்.

அப்படி ஒருநாள், செவ்வாய்க்கிழமை, மாடிப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். "கிடங்குல இன்னிக்கும் அதே கொடுமைதான்க்கா" என்றேன். பின்னால் யாரோ மெதுவாகக் கைதட்டும் சத்தம். திரும்பினால் மணியர்.

"பச்சைக்குப் பல்லு முளைச்சிடுச்சு போல."

"அண்ணா, சும்மா அக்காகிட்டதான்..."

"ஓ, அக்காவுக்கும் கிளாஸ் எடுக்கிறியா? நல்லது. நாளைக்குக் காலைல உன்னைக் கவுத்துடலாம்."

கவுத்துவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கிடங்கில் அவரவர் இடத்தில் அவரவர் டம்ளர் இருக்கும். மணியர் மணியடித்து உங்கள் டம்ளரைக் கவிழ்த்துவிட்டால் நீங்கள் இல்லாத ஆள். ஏழு நாளைக்கு யாரும் உங்களைப் பார்க்கக் கூடாது. நீங்கள் கத்தினாலும் திரும்பக் கூடாது. நீங்களாகப் போய் யாரிடமாவது பேசினால், மறுபடி முதலிலிருந்து ஏழு நாள். முடியும்போது யாராவது ஒருத்தர் அந்த டம்ளரை நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றி, "வா, போலாம்" என்று கூப்பிட வேண்டும். யார் நிமிர்த்தினார்களோ அவர்கள் பக்கத்தில்தான் அவன் அதன் பிறகு உட்காருவான். அவன் அவர்கள் பொறுப்பு. அதுதான் பழைய வழக்கம்.

அன்று ராத்திரியே இதையும் அக்காவிடம் சொன்னேன். "வேற வேலையே இல்லையாடா அந்தப் பசங்களுக்கு? ரொம்ப ஆடினா சொல்லு, நான் வந்து நிமித்துறேன்" என்று சிரித்தாள்.

புதன்கிழமை காலை கவிழ்த்தார்கள். போனைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

முதல் நாளே செத்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் அறை நண்பன், நெட்டையாக இருப்பதால் ஒட்டகம் என்று பெயர், நான் படித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தான். கிடங்கில் ஒருத்தன் காலி நாற்காலி என்று என் மடியில் பையை வைத்தான். எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். குளியலறையில் நான் உள்ளே இருக்கும்போதே வெளியே தாழ் போட்டார்கள். ஒரு மணி நேரம் தட்டினேன். வெளியே பல் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வியாழன் மதியம், பன்னிரண்டு ஐம்பதுக்கு, தட்டைத் தூக்கிக்கொண்டு கடைசி மேசைக்குப் போனேன். அங்கே ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். புழுங்கித் தள்ளுகிற அந்த வெயிலில் முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தான். உதடு வெடித்திருந்தது.

"உட்காரு" என்றான்.

ஒன்றரை நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் குரல். அழுகையே வந்துவிட்டது.

"உன்னையும் கவுத்துட்டாங்களா?"

"ம்."

"எதுக்கு?"

"மறந்து போச்சு."

அவன் முன்னால் ஒரு டம்ளர் கவிழ்ந்திருந்தது. எங்களுடையதெல்லாம் எவர்சில்வர். அவனுடையது அலுமினியம், நசுங்கியது. மேசை துடைக்க வந்தவர் மற்றதையெல்லாம் தூக்கித் தூக்கித் துடைத்தார். அதை மட்டும் தொடாமல் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார்.

"சாணை எப்போ?" என்று கேட்டான்.

"என்னது?"

"பரீட்சைடா. சாணைன்னா தெரியாதா? என்ன பச்சை நீ!"

நானும் சிரித்தேன். புதுச் சொல் ஒன்று கிடைத்ததில் சந்தோஷம். அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவன் தோள் என் தோளில் பட்டது. காய்ச்சிய இரும்பு மாதிரிக் கொதித்தது.

"தண்ணி கொண்டு வரட்டுமா?"

"எதுல குடிக்கிறது?" என்றான், அந்த டம்ளரையே பார்த்தபடி.

அதன் பிறகு எப்போதும் அவனோடுதான். சனிக்கிழமை வாக்கில் ஒரு விஷயம் கவனித்தேன். சத்தம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் மின்விசிறி. பிறகு தட்டு, கரண்டி. பிறகு பேச்சு... ஒட்டகம் என் முன்னால் வந்து நின்றான். நேராக என்னையே பார்த்தான். வாய் அசைந்தது. குரல் வரவில்லை.

"வாயை மட்டும் அசைக்கிறாங்க" என்றான் பக்கத்தில் இருந்தவன். "கேலி பண்றாங்க. பாக்காத. நீ பேசினா மறுபடி ஏழு நாள்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ராத்திரி இரண்டு இருபது. கட்டில் ஆடியது. கண்ணைத் திறந்தால் ஒட்டகம் என்னைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். அவன் முகமெல்லாம் கண்ணீர். வாய் அகலத் திறந்து மூடியது. ஒரு சத்தமும் இல்லை.

"நல்லா நடிக்கிறான், இல்ல?"

கால்மாட்டில் அவன் உட்கார்ந்திருந்தான்.

எப்போது உள்ளே வந்தான்?

கதவைத் தாழ் போட்டது நான்தான்...

அடுத்த நாள் அவர்கள் முகங்கள் மங்க ஆரம்பித்தன. அதற்கடுத்த நாள் யாருமே இல்லை. காலை ஒன்பது மணிக்கு நடைபாதை காலி. கிடங்கு காலி. நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம்.

ஒரு காலடிச் சத்தம்தான் கேட்டது.

என்னுடையது.

"பசிக்கலை, இல்ல?" என்று கேட்டான்.

பசிக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்றான். "அப்புறம் தாகம்கூட..."

சளேர் என்று முகத்தில் தண்ணீர்.

"எழுந்திருடா எருமை! வா, வீட்டுக்குப் போலாம்!"

காது கிழிகிற மாதிரி எல்லாச் சத்தமும் ஒரேயடியாகத் திரும்பி வந்தது. நான் கிடங்கில் தரையில் கிடந்தேன். சுற்றி முழு விடுதியும் நின்றது. முன்னால் அக்கா, கடைக்குப் போட்டுப்போகும் அதே உடையில், தலை கலைந்து. செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று ஐந்து. ராத்திரி முழுக்க ரயிலில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள்.

மணியர் அழுதுகொண்டிருந்தான். "நாங்க வெள்ளிக்கிழமையே நிமித்திட்டோம்க்கா. காலி நாற்காலியைப் பாத்துப் பேசிட்டு இருந்தான், பயந்துட்டோம். கூப்பிட்டோம், அடிச்சோம்கூட. சாப்பாடு, தண்ணி எதையும் தொடலை. வார்டன்தான் உங்களுக்குப் போன் பண்ணச் சொன்னாரு..."

"நிமித்திட்டீங்களா? அப்ப இது என்னடா?" அக்கா கையை நீட்டினாள். "இந்த ஹால்லயே இது ஒண்ணுதான் கவுந்து கிடந்துச்சு."

அவள் கையில் அந்த அலுமினிய டம்ளர். நிமிர்ந்திருந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர்.

மேசை துடைப்பவர் துணியைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு அன்று மதியமே ரயில் ஏறினோம். பெட்டியில் கூட்டமில்லை. ஜன்னலோரம் அக்கா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

"என்னடா, உன் தோள் இப்படிக் கொதிக்குது? காய்ச்சலா?" என்றாள்.

நான் எதிர் இருக்கையில் இருந்தேன்.

அவளிடம் சொல்லவில்லை. பயம். சொன்னால் நிஜமாகிவிடும் போல இருந்தது.

இன்று ராத்திரி பதினொன்று பத்துக்கு ஒட்டகம் போன் செய்தான். அந்த மேசை துடைப்பவரைப் பிடித்து விசாரித்திருக்கிறான். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பையனைக் கவிழ்த்தார்களாம். நடுவில் அவனுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. அறையில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு ராத்திரி தண்ணீர் கேட்டிருக்கிறான். வழக்கத்தை மீறக் கூடாது என்று மூன்று பேரும் முதுகைக் காட்டிப் படித்துக்கொண்டிருந்தார்களாம். விடியும்போது செத்துக் கிடந்தான். அதற்குப் பிறகு அந்த டம்ளரை நிமிர்த்த யாருக்கும் தைரியம் வரவில்லை. நிமிர்த்தினால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டுமே...

"ஆமா, ஒண்ணு கேக்கணும்" என்றான் ஒட்டகம். "நீ தனியா பேசும்போது சாணை, சாணைன்னு சொன்னியே. அது யாரு உனக்குச் சொன்னது? அவங்க காலத்துப் பேச்சாம் அது. இப்ப யாருக்குமே தெரியாதாம்."

நான் அக்கா அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்புறம்டா... அந்தப் பையன் கடைசியா என்ன சொன்னான் தெரியுமா? 'யாராவது என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க'ன்னு."

வா, வீட்டுக்குப் போலாம்.

அக்கா அப்படித்தானே சொன்னாள்.

சாயங்காலம் நடந்ததை இன்னும் உங்களிடம் சொல்லவில்லை. சாப்பிடும்போது அம்மா அக்காவை நான்கு தடவை கூப்பிட்டாள். அவள் நிமிரவே இல்லை. பிறகு மெதுவாக, "ஏம்மா யாருமே என்கூடப் பேச மாட்டேங்கிறீங்க?" என்றாள். விளையாடுகிறாள் என்று அம்மா சிரித்தாள்.

போனை வைத்ததும் சமையலறைக்கு ஓடினேன். வீட்டில் இருக்கிற ஒவ்வொரு டம்ளரையும் பார்த்துவிட்டேன்.

எல்லாம் நிமிர்ந்துதான் இருக்கின்றன.

கவிழ்ந்தது ஒன்றுகூட இல்லை.

நான் எதை நிமிர்த்துவேன்?

அவள் கதவைத் தட்டினேன். கத்தினேன். அம்மாகூட எழுந்து வந்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் முன்னால் நின்று, தோளைப் பிடித்து உலுக்கினோம். அக்கா எங்களை ஒரு நொடி பார்த்தாள்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்தில் யாரிடமோ சொன்னாள்...

"ஆமா. வாயை மட்டும்தான் அசைக்கிறாங்க."