ரஜீவனின் புருவமும் சிவகுருவின் கெட்டிமேளமும்

திருக்கோணமலைத் துறைமுகத்துக்கு எத்தனையோ கப்பல் வந்திருக்கிறது. ஜாஸ் இசை மட்டும் பஸ்ஸில்தான் வந்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் கொழும்பிலிருந்து ரஜீவன் அதை ஒரு சாக்ஸபோனாகப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பக்கத்துச் சீட்டுக்காரர் போர்வையை விலக்கிப் பார்த்து, தண்ணிப் பம்பின் உதிரிப்பாகம் என்று முடிவுசெய்து, “எத்தனை இஞ்சிப் பைப்புக்கு?” என்று கேட்டார். ரஜீவன் வருந்தவில்லை. முன்னோடிகளுக்கு இப்படித்தான் நடக்கும் என்பது அவருடைய அசைக்க முடியாத கருத்து.

பகலில் ஐஸ் ஆலையில் மேற்பார்வையாளர், மாலையில் சாக்ஸபோன். ஆட்கள் இல்லாத நேரத்தில் வீட்டில் வாசிக்கலாம் என்று மனைவி சிவரூபி அனுமதித்திருந்தார். ஆட்கள் கணக்கில் தன்னையும் சேர்த்திருந்தார். ஆகவே ரஜீவன் கடற்கரைக்குப் போனார். அங்கே முதல் ரசிகர்களாக நகரத் தெருக்களில் திரியும் மான்கள் வாய்த்தன. அவை கைதட்டவில்லை; எழுந்து போகவுமில்லை. ஒருநாள் கொம்பன் மான் ஒன்று இசைத்தாளின் இரண்டாம் பக்கத்தைத் தின்றுவிட்டது. முதற்பக்கம் முடிந்துவிட்டது, மூன்றாம் பக்கம் காத்திருக்கிறது, நடுவில் ஒன்றுமில்லை. ரஜீவன் நிறுத்தவில்லை. தோன்றியதையெல்லாம் வாசித்தபடி மூன்றாம் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார். ஜாஸ் என்பதே இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டார். ஆசிரியர் யார் என்று கேட்பவர்களுக்கு இன்றுவரை மான் என்றே பதில் சொல்கிறார்.

பின்பு, துறைமுகத்தின் உட்பகுதிப் பெயரைத் தாங்கி, ‘உட்துறை நால்வர்’ என்ற குழு உருவானது. தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கும் ஜெஸ்மின் கீபோர்ட். கிண்ணியாவிலிருந்து பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வரும் முனீப் பேஸ் கிற்றார். நான்காமவர் தம்பலகாமத்துச் சிவகுரு. இருபத்திரண்டு வருடம் தவில் வாசித்தவர். சுவாமி வீதியுலாக்களில் தவிலைச் சுமந்து நடந்து முழங்கால் போனதால், சுமந்து நடக்கவே முடியாத வாத்தியமான டிரம்ஸுக்கு மாறியிருந்தார்.

முதல் ஒத்திகையிலேயே வில்லங்கம் வெளிப்பட்டது. “இன்னொருக்கா” என்று சொல்ல ரஜீவன் ஒரு விரலைத் தூக்கினார். அடுத்த கணம் அறை அதிர்ந்தது. தாலி கட்டும் நேரத்தில் ஐயர் விரலை உயர்த்தினால் என்ன அடிப்பார்களோ, அந்தக் கெட்டிமேளத்தைச் சிவகுரு விரலைவிட்டுக் கண்ணெடுக்காமல் அடித்துக்கொண்டிருந்தார்.

“ஆருக்கண்ணை கலியாணம்?” என்றார் ஜெஸ்மின், காதைப் பொத்தியபடி.

“நான் அடிக்கேல்லைப் பிள்ளை, கை அடிச்சது. இருபத்திரெண்டு வருசமா அந்த விரலை நான் ஒருக்காலும் தவறவிட்டதில்லை. விட்டிருந்தா ஒரு பொம்பிளையின்ரை கழுத்திலை மேளமில்லாமத் தாலி ஏறியிருக்கும்!”

“என்ட மச்சானிட்ட ரிதம் மெஷின் ஒண்டு இரிக்கி,” என்று முனீப் மெதுவாகச் சொன்னார்.

“மெஷினுக்குப் பிழைவிடத் தெரியாது. பிழைவிடத் தெரியாததோடை என்ன ஜாஸ்?” என்றார் ரஜீவன்.

அன்றிலிருந்து அவர் கைகளால் சைகை காட்டுவதை விட்டார். இடப்புருவம் உயர்ந்தால் கீபோர்ட், வலப்புருவம் உயர்ந்தால் பேஸ், இரண்டும் இறங்கினால் சிவகுரு அடக்கி வாசிக்க வேண்டும். உலகத்தில் புருவத்தால் நடத்தப்படும் ஒரே ஜாஸ் குழு தன்னுடையதுதான் என்று ரஜீவன் பெருமையோடு சொல்லிக்கொண்டார். மறுத்துப் பேச ஆளில்லை.

இரண்டு வருடம் பிறந்தநாள் விழாக்களில் கழிந்தது. அந்த வருடமும் நல்ல மேடை கிடைக்காவிட்டால் தான் விலகுவதாக ஜெஸ்மின் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் நிலாவெளி ஹோட்டல் ஒன்றின் முகாமையாளர் ஜவாஹிர் கூப்பிட்டார்.

“பத்து நிமிசம் வாசிங்க. விருந்தாளிகள் எழும்பிப் போகாட்டி, சீசன் முழுக்கச் சனிக்கிழமை உங்களுக்கு. போனா, டீஜேக்கு.”

“ஒருத்தரும் போகாயினம்,” என்றார் ரஜீவன். மான்களே போகவில்லையே!

ஏழு நிமிடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. எட்டாவது நிமிடத்தில், ரஜீவன் தானே அமைத்த மெதுவான மெட்டு. கடல்கூடக் குரலைத் தாழ்த்தியிருந்தது. அப்போது முன்மேசையில் இருந்த ஜெர்மன் கிழவர் இன்னோர் இளநீர் கேட்க விரலைத் தூக்கினார். வெயிட்டர் கவனிக்கவில்லை. கிழவர் விரலை இன்னும் உயர்த்தி, அசல் ஐயரைப் போலவே ஆட்டினார்.

ரஜீவனின் இரண்டு புருவங்களும் அவசரமாக இறங்கின. பயனில்லை. சிவகுரு விரலைப் பார்த்துவிட்டார்.

கெட்டிமேளம் வெடித்தது. ஒரு பெண்ணின் கையிலிருந்து முள்ளுக்கரண்டி விழுந்தது. ஜவாஹிர் தலையில் கைவைத்தார். “அல்லாஹ்வே,” என்றார் முனீப், பேஸை நிறுத்தாமல்.

மன்னிப்புக் கேட்டு நிறுத்தலாம் என்று ரஜீவனுக்கு ஒரு கணம் தோன்றியது. மறுகணம் அந்தக் கொம்பன் மான் நினைவுக்கு வந்தது. இரண்டாம் பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். மூன்றாம் பக்கம் எங்கேயும் ஓடிவிடவில்லை. சாக்ஸபோனை உயர்த்தினார். நாதஸ்வரக்காரர் வீதியில் இழைத்து வளைப்பதுபோல வளைத்து, கெட்டிமேளத்தின் முதுகிலேயே ஏறிச் சவாரி செய்தார். ஜெஸ்மினும் பாய்ந்து சேர்ந்துகொண்டார். விருந்தாளிகள் எழும்பினார்கள். ஒருவர் விடாமல் எழும்பி, அந்தந்த இடத்திலேயே நின்று ஆடத் தொடங்கினார்கள்.

கிழவருக்கு இளநீர் மறந்துபோனது. தன் விரலால்தான் இவ்வளவும் என்று கண்டுகொண்டவர் அதை இறக்கவே இல்லை. விரல் இறங்காமல் சிவகுருவும் ஓயமாட்டார். வியர்வை ஆறாக ஓடியது. கடைசியில் ரஜீவன் வாசித்தபடியே மேசைக்கு நடந்தார். இடக்கையால் ஒற்றைச் சுரத்தை நீளப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் அந்த விரலை மரியாதையாக மடக்கி மேசையில் வைத்தார். மேளம் நின்றது. அந்த ஒற்றைச் சுரத்திலிருந்தே மெதுவான மெட்டு, விட்ட இடத்தில், மறுபடி தொடங்கியது. மூன்றாம் பக்கம்.

கைதட்டல் ஓய்ந்ததும் ஜவாஹிர் வந்தார். “எல்லாரும் எழும்பிட்டாங்களே!”

“ஓம். போகேல்லைத்தானே?” என்றார் ரஜீவன்.

“சனிக்கிழமை உங்களுக்குத்தான். ஆனா அந்த விரல் விசயம் ஒவ்வொரு கிழமையும் வேணும்.”

“அண்ணையின்ரை முழங்கால் போய் இப்ப தோளும் போகப்போகுது,” என்றார் ஜெஸ்மின். விலகுவதைப் பற்றி அதன்பின் அவர் வாய்திறக்கவில்லை.

இந்தச் சீசனில் ஒவ்வொரு சனியும் எட்டாவது நிமிடத்தில் ரஜீவன் ஒரு விரலை உயர்த்துகிறார். இரண்டு வருடம் அடக்கிவைத்த விரலாகையால் அதில் தனிக் கம்பீரம் இருக்கிறது. அந்த நேரம் வரும்வரை மண்டபத்தில் வேறு யாரும் விரல் தூக்கக்கூடாது என்று மேசைக்கு மேசை அறிவித்தல் உண்டு. அது முகாமையாளருக்கும் பொருந்தும். வெயிட்டரைக் கூப்பிட வேண்டுமானால் ஜவாஹிர் இப்போது இடப்புருவத்தைத்தான் உயர்த்துகிறார்.