டிராகன் சாகாத இருபத்திரண்டு பக்கம்

பேருந்துப் பணிமனையின் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை உண்டு. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். அங்கே வேலை பார்க்கும் அக்கா எப்போதும் குனிந்தே வெளியே வருவதால், ரொம்பப் பணிவானவள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அது படியின் குற்றம்.

அக்காவுக்குப் பட்டப்பெயர் 'தொலைஞ்சது அக்கா'. பயணிகள் விட்டுப்போகும் பொருள்களுக்குச் சீட்டுக் கட்டி, தேதியும் வண்டி எண்ணும் எழுதி அடுக்குவதுதான் வேலை. குடை நூற்றுப் பன்னிரண்டு. ஒற்றைச் செருப்பு பதினேழு. ஒற்றைச் செருப்போடு மனிதர்கள் எப்படித்தான் வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று அவள் யோசிக்காத நாள் இல்லை. பல்செட் ஒன்று மேல்தட்டிலிருந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்தபடி இருந்தது.

சட்டம் ஒன்றுதான். உரியவர் வந்து அடையாளம் சொன்னால் பொருள் அவருக்கு. ஆறு மாதம் வரை யாரும் வரவில்லையென்றால் ஏலம். ஏலத்தில் குடை போகும், டிபன் பாக்ஸ் போகும், புத்தகம் மட்டும் போகாது. அதனால் அக்கா ஓய்வறையில் ஒரு அலமாரி போட்டுப் புத்தகங்களை அதில் வைத்தாள். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் மெக்கானிக்குகளும் முதலில் அதன்மேல் டீ டம்ளர் வைத்தார்கள். பிறகு மெல்லப் படிக்க ஆரம்பித்தார்கள்.

அப்படித்தான் 'கருஞ்சாம்பல் கோட்டை' வந்தது. ஐந்து பாகம். இளவரசன், மந்திரவாதி, கோட்டை, ஒற்றைக்கண் கிழட்டு டிராகன் எல்லாம் உண்டு. ஆனால் ஐந்தும் ஐந்து வண்டியில், யாரோ ஐந்து மறதிக்காரர்கள் விட்டுப்போனவை. மூன்றாம் பாகம்தான் முதலில் வந்தது. ஆகவே இந்தப் பணிமனையில் எல்லாருக்கும் ராஜா செத்தது முதலில் தெரியும், பிறந்தது பிறகுதான் தெரியும். அதனால் யாருக்கும் ஒரு குறையும் வந்துவிடவில்லை.

ஐந்தாம் பாகம்தான் வம்பு செய்தது. மழையில் ஊறி வந்தது. பொருளடக்கத்தில் கதை 412 வரை என்று இருந்தது. புத்தகம் 390 இல் முடிந்துவிட்டது. மலை விளிம்பில், இனிப் பறக்க முடியாது என்று சொன்ன டிராகனும், "உன்னால் இனி என்ன பயன்?" என்று கேட்ட இளவரசனும் அப்படியே நின்றார்கள். அக்கா நான்கு கடை ஏறி இறங்கினாள். "பழைய பதிப்பும்மா, ஸ்டாக் இல்ல" என்று நான்கு கடையிலும் ஒரே பதில்.

மற்றவர்கள் முடிவு இல்லாமல் சமாளித்துக்கொண்டார்கள். ஒருவரால் மட்டும் முடியவில்லை. அவர் பட்டப்பெயர் 'ஸ்டீரிங்'. இருபத்தாறு வருடம் ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டியவர். வலக்கண் மங்கியதும் டாக்டர் ஒரு தாள் எழுதினார், நிர்வாகம் ஒரு தாள் எழுதியது, ஸ்டீரிங் கேட் டியூட்டிக்கு வந்துவிட்டார். உள்ளே வரும் வண்டிக்கும் வெளியே போகும் வண்டிக்கும் எண்ணும் நேரமும் குறிக்க வேண்டும். சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் உட்கார்ந்து கோழி கிளறியதுபோல் எழுதினார். சட்டைப் பையில் விருப்ப ஓய்வு விண்ணப்பம் மடித்து இருந்தது. துணி மெல்லியது, எல்லாருக்கும் தெரிந்தது.

"முடிவு கிடைச்சுதாம்மா?" என்று தினம் கேட்பார்.

"இல்லண்ணே."

"அந்தக் கிழட்டுப் பய என்ன ஆனான்னு மட்டும் தெரிஞ்சா போதும். அப்புறம் இதைக் கொடுத்துட்டு நான் கிளம்பிடுவேன்" என்று பையைத் தட்டிக்காட்டுவார்.

அவர் இப்படிக் கிளம்புவது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அவள் படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. கட்டுரை நோட்டில் வாத்தியார் கடைசியாக எழுதியது, 'கற்பனை அதிகம், கையெழுத்து மோசம்.' இரண்டில் ஒன்றாவது கைகொடுக்கட்டும் என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், பழைய விண்ணப்பப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். பதினொரு சாப்பாட்டு நேரம். இருபத்திரண்டு பக்கம்.

"இவ்வளவு நேரத்துல கிழிஞ்ச தலையணை உறை நாலு தச்சிருக்கலாம்" என்றாள் அவள் அம்மா.

"உறையைத் தச்சா தலையணைக்குத்தானேம்மா நல்லது" என்றாள் அக்கா.

அவள் எழுதியதில் டிராகன் இளவரசனைப் பார்த்துச் சொன்னது: "பறக்க முடியாதுன்னுதான் சொன்னேன். பார்க்க முடியாதுன்னு சொல்லலையே." பிறகு அது கோட்டை வாசலில் போய் உட்கார்ந்தது. ஒவ்வொரு மாட்டுவண்டிக்கும் எண், போன நேரம், வந்த நேரம் எல்லாம் நகத்தால் ரிஜிஸ்டரில் குறித்தது. மூன்றாம் நாள் ஒரு புல்லு வண்டி திரும்பி வந்தது. போனபோது இருந்ததைவிடச் சக்கரத்தடம் ஆழம். புல்லுக்கு அடியில் எதிரி. டிராகன் வண்டியை மறித்தது. கோட்டை பிழைத்தது.

"தங்கச்சி ஊர்ல ஒருத்தர்கிட்ட புத்தகம் இருந்துச்சு, பார்த்து எழுதிட்டு வந்தேன்" என்று அக்கா எல்லாரிடமும் சொன்னாள். தங்கச்சிக்கு டிராகன் என்றால் கொசுவத்தி பெயர்.

ஸ்டீரிங் கேட் அறையில் உட்கார்ந்து அதைப் படித்தார். தாள்களைத் தட்டி அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் சட்டை இஸ்திரி போட்டிருந்தது. ரிஜிஸ்டரில் ஸ்கேல் வைத்துக் கோடு, முத்துமுத்தாக எழுத்து. பையில் அந்த மடிப்பு இல்லை.

மூன்று வருடத்தில் நூற்று நாற்பது பேர் அந்த முடிவைப் படித்தார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு அந்தக் கதை படமாக வந்தது. கடைசிப் பாகம் வந்த வாரம், பணிமனையிலிருந்து நாற்பது பேர் மதியக் காட்சிக்குப் போனார்கள். மலை விளிம்புக் காட்சி வந்ததும் 'ஸ்பானர்' என்று பட்டப்பெயர் வாங்கிய மூத்த மெக்கானிக் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "இப்போ பாரு, நேரா கேட்டுக்குப் போகும்."

திரையில் டிராகன் கேட்டுக்குப் போகவில்லை. எதிரிப் படைமேல் விழுந்து செத்தது. அழுத கண் காய்வதற்குள் இளவரசனுக்கு வெள்ளை வெளேரென்று ஒரு புது டிராகன் கிடைத்தது.

"யோவ்! ரிஜிஸ்டர் எங்கய்யா?"

"புல்லு வண்டியைக் காணோம்!"

"ஆபரேட்டர் தூங்கிட்டான், நடுவுல விட்டுட்டான்!"

தியேட்டர்காரர் டார்ச்சோடு ஓடி வந்தார். அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்த ஸ்டீரிங்கின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒன்றும் காட்டிக்கொடுக்கவில்லை. வெளியே வந்ததும், "ஏசி ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார்.

மறுநாள் மதியம் ஓய்வறையில் படக் கம்பெனிக்குக் கண்டனக் கடிதம் தயாரானது. முப்பத்தேழு கையெழுத்து விழுந்த நேரத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த கிளார்க் வந்தான். கையில் ஐந்தாம் பாகம், பட போஸ்டரை அட்டையாகப் போட்ட புதுப் பதிப்பு. கடைசி அத்தியாயத்தைச் செய்தி வாசிப்பதுபோல் சத்தமாகப் படித்தான். டிராகன் மறுபடியும் செத்தது.

"படம் சரியாத்தான் எடுத்திருக்காங்க. புத்தகத்துலயே அப்படித்தான். உங்க அலமாரியில இருக்கிறதுதான் டூப்ளிகேட்" என்றான்.

நாற்பது தலை அக்கா பக்கம் திரும்பின. அக்கா ஒரே ஒரு தலையைத் தேடினாள். ஸ்டீரிங் வாசலருகே நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

இந்த அறையில் தலை இடிக்காது. அக்கா நிமிர்ந்து நின்றாள்.

"ஆமா, நான்தான் எழுதினேன். இப்போ என்ன?"

"அப்போ தங்கச்சி ஊரு?" என்றார் ஸ்பானர் பரிதாபமாக.

"புளுகு. அதுக்கு வேணா மன்னிப்புக் கேக்கிறேன். கதைக்குக் கேக்க மாட்டேன். எழுத்துப்பிழை இருந்தா காட்டு தம்பி, திருத்திக்கிறேன். டிராகனை மட்டும் சாகடிக்க மாட்டேன். ஒரு கண்ணு போச்சுன்னா மலையில இருந்து தள்ளிவிட்டுட்டுப் புதுசு வாங்கிக்கிறதா? அதுக்குப் பேரு முடிவா? அதுக்குப் பேரு கழிச்சுக் கட்டுறது."

சத்தம் கேட்டு மேலாளர் வந்துவிட்டார். விவரம் கேட்டார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "பணிமனை அலமாரியில் போலி இருக்கக்கூடாது. கையால எழுதின கதையை எடுத்துடுங்க. தம்பியோட புத்தகத்தை வைங்க."

"அது போலின்னு எனக்கு அன்னைக்கே தெரியும் சார்" என்றார் ஸ்டீரிங்.

டீ ஆற்றுவதை அவர் நிறுத்தவில்லை. "எந்த ஊரு டிராகன் சார் வண்டிக்கு இன், அவுட் போடும்?"

"ஏன், போடாதா?" என்றார் ஸ்பானர், நிஜமாகவே குழம்பி.

அக்காவுக்குக் காது சூடானது. மூன்று வருடம்! நூற்று நாற்பது பேர்! எல்லாரும் பணிமனைக்காரர்கள். வாசல் என்று இருந்தால் ரிஜிஸ்டர் இருக்கும் என்று அவளைப்போலவே அவர்களும் நினைத்திருக்கிறார்கள்.

"தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லலை?" என்று கேட்டாள்.

"அடையாளம் சரியா இருந்துச்சு. என் பொருள்தான்னு வாங்கிக்கிட்டேன்" என்றார் ஸ்டீரிங். டீயைக் குடித்துவிட்டு, 2.10 வண்டி வருகிறது என்று கேட்டுக்குப் போய்விட்டார்.

மேலாளரின் உத்தரவு உத்தரவுதான். அக்கா தன் தாள்களை எடுத்துத் தன் மேசைமேல் போட்டாள், அலமாரியில் புதுப் புத்தகத்தை வைத்தாள். ஐந்து நாள் கழித்து அதைப் புரட்டிய நடத்துநர் ஒருவர், கடைசி இருபத்திரண்டு பக்கம் காணவில்லை என்றார். அந்த இடத்தில் படிவத்தாள்கள், அதே மோசமான கையெழுத்து, நூல் போட்டுக் கச்சிதமாகத் தைத்திருந்தது. யார் செய்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தையலோரம் மட்டும் ஸ்கேல் வைத்ததுபோல் நேராக இருந்தது.

அன்று காலை அக்காவின் மேசைமேல் ஓர் உறை கிடந்தது. மேலே ஸ்டீரிங்கின் அழகான கையெழுத்தில், 'கேட் அருகே கண்டெடுத்தது. அச்சிட்ட தாள் இருபத்திரண்டு பக்கம். நேரம் 7.10.' அக்கா சீட்டுக் கட்டினாள். பல்செட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மதியம் கிளார்க் மூச்சிரைக்க வந்தான். மாடிப்படியில் தலையை இடித்துக்கொண்டான்.

"அக்கா, என் புத்தகத்துப் பக்கம் இங்க வந்திருக்காமே."

"வந்திருந்தா கொடுத்துடலாம் தம்பி. உட்காரு. அடையாளம் சொல்லு."

"கடைசி இருபத்திரண்டு பக்கம். டிராகன் செத்துப்போகும்."

அக்கா ரிஜிஸ்டரைத் திறந்தாள். மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துப் பொறுமையாகத் தேடினாள். பக்கத்தைத் திருப்பி இன்னொரு முறை தேடினாள்.

"அப்படிச் செத்துப்போற டிராகன் எதுவும் இங்க வரலையேப்பா" என்றாள்.