பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு மற்ற ஆசிரியர்கள் நடுவில் 'பத்து நிமிஷ டீச்சர்' என்று பெயர். அவர் வகுப்பின் சுவர்க் கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் முந்தித்தான் ஓடும். அதில் பழுது ஒன்றும் இல்லை, அவரே அப்படித் திருப்பி வைத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த வருஷம், அவர் வகுப்புப் பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு வருவதற்குள் பள்ளிப் பேருந்து கிளம்பிவிட்டது. விடுபட்டுப் போன ஒரு சிறுமி மழையில் தனியாக நடந்து வீடு போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டிருந்தது. மறுநாள் காலை டீச்சர் நாற்காலி போட்டு ஏறி முள்ளைத் தள்ளி வைத்தார். பத்தொன்பது வருஷம் ஆகிறது. பிள்ளைகளுக்கு இது தெரியாது. டீச்சர் மட்டும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரியான நேரத்தைத் தெரிந்துகொள்வார்.

"என்ன டீச்சர், உங்க வகுப்புல அதுக்குள்ள நாளைப் பொழுதே வந்துடுச்சா?" என்பார் நாலாம் வகுப்பு சார்.

"வந்துடுச்சு சார். அங்கயும் நீங்க லேட்டாத்தான் வர்றீங்க."

ஒவ்வொரு மாதமும் முதல் நாள், அந்த மாதம் நடத்தப் போகிற பாடங்களை ஒரு தாளில் எழுதி டீச்சர் கதவில் ஒட்டுவார். இந்த மாதத் தாளில் மூன்று வரிகள் இருந்தன. மொழி: கடிதம் எழுதுதல். அறிவியல்: வேரும் தண்டும். கணக்கு: மணி பார்த்தல்.

மணி பார்ப்பதை வகுப்பில் முதலில் கற்றுக்கொண்டவள் பட்டாணி. உருண்டை முகம், ஆளும் குட்டை, அதனால் அந்தப் பெயர். அம்மா இல்லாத பிள்ளை, அத்தை வீட்டில் வளர்கிறாள். அப்பாவுக்குக் கட்டட வேலை. இப்போது கடல் தாண்டி இரண்டு வருஷ ஒப்பந்தம் கிடைத்திருந்தது. பயிற்சி என்று சொல்லிப் பதினைந்து நாளாகக் கம்பெனி விடுதியிலேயே தங்க வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்துபோக நேரம் கொடுக்கவில்லை. ஆட்களை ஏற்றிப்போகும் பேருந்து அந்த வார வியாழக்கிழமை பள்ளி வழியாகத்தான் போகும்.

"டீச்சர், அப்பா டிரைவர்கிட்ட கெஞ்சிக் கேட்டிருக்காராம். ஸ்கூல் கேட்டுப் பக்கத்துல ரெண்டு நிமிஷம் நிறுத்துவாங்களாம். சரியா பன்னெண்டரைக்கு. நான் போகட்டா?"

"போயிட்டு வா. ஆனா அஞ்சே நிமிஷம். கேட்டைத் தாண்டக் கூடாது."

"நீங்க சொல்ல வேண்டாம் டீச்சர். நானே மணி பாத்துப் போறேன்."

அந்த வியாழக்கிழமை டீச்சர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிள்ளைகளிடம் கொடுத்திருந்தார். ஆளுக்கொரு முறை முள்ளைத் திருப்பிப் பார்க்கட்டும் என்று அதன் ஓரத்துக் குமிழை இழுத்து விட்டிருந்தார். அது நாலே காலுக்கும் ஏழரைக்குமாக மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெறும் மணிக்கட்டோடு பாடம் நடத்திய டீச்சருக்கு அன்று சுவர்க் கடிகாரம் ஒன்றுதான் கண்ணில் பட்டது; அது முந்தி ஓடுவது பாட மும்முரத்தில் மறந்தே போனது.

பெரிய முள் ஆறைத் தொட்டதும் பட்டாணி எழுந்தாள். "பன்னெண்டரை டீச்சர்!"

"சபாஷ். ஓடு."

ஐந்து நிமிடம் கழித்து டீச்சர் வராந்தாவுக்கு வந்து எட்டிப் பார்த்தார். கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி பட்டாணி தனியாக நின்றிருந்தாள். சாலையில் எந்தப் பேருந்தையும் காணோம். வாட்ச்மேன் அப்போதுதான் தண்ணீர் மோட்டார் போடப் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தார். பிள்ளையைக் கேட் அருகில் தனியாக விடக் கூடாது என்று டீச்சருக்குத் தோன்றியது.

"பட்டாணி! நேரமாச்சு, வா உள்ள!"

அவள் இரண்டு தரம் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு வந்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. இடத்தில் உட்கார்ந்து, "அப்பா வரலை," என்றாள். டீச்சர் அவள் தலையைத் தடவிவிட்டு, மற்றவர்களைப் பார்த்துச் சத்தமாக, "எங்கே, எல்லாரும் சொல்லுங்க," என்று அட்டைக் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்தார். மற்ற பிள்ளைகள் எல்லாரும் ஒன்றே கால், ஒன்றரை என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். வெளியே என்ன சத்தம் கேட்டிருந்தாலும் உள்ளே வந்திருக்காது.

கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் ஒரு பையோடு மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். டீச்சரை வெளியே கூப்பிட்டார்.

"டீச்சர், ஒருத்தர் கம்பியப் புடிச்சுக்கிட்டுப் பாப்பா பேரைச் சொல்லிக் கூப்டுட்டே இருந்தாரு. நான் பின்னாடியிருந்து ஓடி வர்றதுக்குள்ள பஸ்காரன் ஹாரன் அடிச்சு அவரை ஏத்திட்டான். இதைக் கம்பி வழியா போட்டுட்டுப் போயிருக்காரு."

"எப்போண்ணே?"

"இப்பத்தான். பன்னெண்டரைக்கு."

டீச்சர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். பன்னிரண்டு நாற்பத்தி மூன்று. தலைமை ஆசிரியர் அறைக்கு ஓடி அத்தைக்குப் போன் போட்டார். அத்தை தன் தம்பிக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆஃப்ல இருக்கு டீச்சர். ஏறினதும் போனை வாங்கி வெச்சுக்குவாங்கன்னு சொல்லிட்டிருந்தான்," என்றாள்.

டீச்சர் வகுப்புக்குத் திரும்பினார். பேருந்து தாமதம் என்று சொல்லிவிடலாம். எட்டு வயசுப் பிள்ளை, நம்பிவிடும். அந்தச் சொல் டீச்சரின் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வாட்ச்மேன் கொடுத்த பையைப் பிரித்த பட்டாணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே நீல நிறக் காலணி, இரண்டு சைஸ் பெரியது. இரண்டு வருஷத்துக்கும் ஆகட்டும் என்று வாங்கியிருக்கிறார்.

டீச்சர் நாற்காலி போட்டு ஏறினார். எல்லாரும் பார்க்கக் கடிகாரத்தைக் கழற்றினார்.

"இந்தக் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால ஓடுது. ரொம்ப வருஷம் முன்னாடி நான்தான் அப்படி வெச்சேன். பட்டாணி மணி சரியாத்தான் பாத்தா. தப்பு என்னோடது."

"அப்போ அப்பா வந்தாரா டீச்சர்?"

"வந்தாரும்மா."

"பெரிய முள் எங்க இருந்துச்சு?"

"சரியான கடிகாரத்துல ஆறுல."

பட்டாணி யோசித்தாள். "நீங்க கூப்டாம இருந்திருந்தா நான் நின்னிருப்பேன்," என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் டீச்சரால் கொஞ்சம் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும்.

மறு வாரம் கடிதம் எழுதும் பாடம். பிள்ளைகள் மாமாவுக்கும் சித்திக்கும் எழுதினார்கள். பட்டாணிக்கு அப்பாவின் விலாசம் இன்னும் வரவில்லை. விலாசத்துக்கு இடம் விட்டு எழுதச் சொன்னார் டீச்சர். அவள் ஒரே வரி எழுதியிருந்தாள்: 'அப்பா, நானும் வந்து நின்றேன்.'

சுவர்க் கடிகாரம் இப்போது சரியான நேரம் காட்டுகிறது. மூன்றாம் வகுப்புதான் கடைசியாகப் பேருந்துக்குப் போகிறது. நாலாம் வகுப்பு சார் கிண்டல் செய்வதில்லை. டீச்சர் அட்டைக் கடிகாரத்தைக் காட்டி மணி கேட்டால், முப்பது பிள்ளைகளில் இருபத்தொன்பது பேர் கை தூக்குகிறார்கள்.