பெட்டிகளுக்கு ஒரு அறை

எங்கள் ஊரப்பாக்கம் ஃபிளாட்டில் இரண்டு பெட்ரூம். ஒன்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும். இன்னொன்று அட்டைப்பெட்டிகளுக்கு. எங்கள் ஒரே மகள் ஹாலில் திவானில் படுத்துக்கொள்வாள். வீட்டுக்கு வருகிறவர்கள் பாத்ரூம் என்று நினைத்து அந்தக் கதவைத் திறந்துவிட்டால், "ஐயையோ, காலி பண்றீங்களா?" என்று பதறுவார்கள். இல்லை, குடியிருக்கிறோம் என்று நான் சொல்வேன்.

என் வீட்டுக்காரருக்குத் தூதரக வேலை. மூன்று வருஷத்துக்கு ஒரு நாடு. தூதரகம் என்றதும் கொடி கட்டிய கார், வெள்ளைக் கையுறை போட்ட டிரைவர் என்று ஊரில் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கார் தூதருக்கு. எங்கள் இடம் அங்கேயிருந்து பல படி கீழே. எனக்கு வாய்த்தது குடியரசு தின விருந்துக்கு மற்ற பெண்களோடு உட்கார்ந்து மூட்டை வெங்காயம் நறுக்கியதும், பட்டுப்புடவையில் வெங்காய வாசனையோடு போய் வெளிநாட்டுக்காரர்களிடம் "நமஸ்தே" சொன்னதும்தான். ஒரு ஊரில் உளுந்தே கிடைக்காது. இன்னொரு ஊரில் கிடைக்கும், ஆனால் குளிரில் மாவு பொங்காது. பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி ஹீட்டர் பக்கத்தில் படுக்கப்போட்டு, காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைத்தான் எட்டிப்பார்ப்பேன். பொங்கியிருந்தால் அன்றைக்கு எனக்கு நல்ல நாள்.

சரி, பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் முதல் மாற்றலில் சாமான் கட்ட வந்த ஆள், "ஒரிஜினல் பெட்டி இருந்தா எதுவும் உடையாது சார்" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரருக்கு அது வேதவாக்கு. டிவி வாங்கினால் டிவியை டெலிவரி ஆள் தூக்குவார், பெட்டியை இவர் தூக்குவார். எந்தத் தெர்மாகோல் எந்த மூலைக்கு என்று பேனாவால் குறித்து வைப்பார். பழைய மிக்ஸி புகைந்து செத்துப்போய் எத்தனையோ காலமாயிற்று. அதன் பெட்டி மட்டும் சுமங்கலியாக இருந்தது. எதற்கு என்று கேட்டால், "அதே சைஸ்ல வாங்கினா உதவும்ல?" என்பார். கோபப்படக்கூட முடியாது, அவ்வளவு சாந்தமாகச் சொல்வார். தொழில் அப்படி.

அப்புறம் நடுவில் ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. மூன்று வருஷத்துக்குச் சென்னையிலேயே ஓர் அலுவலகத்தில் போட்டார்கள். முதல் வெளிநாட்டுக் காலத்தில் வாங்கிப்போட்டு, லீவுக்கு வந்தால் மட்டும் தூசி தட்டிய ஃபிளாட்டில் உண்மையாகவே குடியேறினோம். பெட்டிகள் பிரிந்தன, சாமான்கள் வெளியே வந்தன, காலிப் பெட்டிகள் அந்த அறைக்குள் போயின. மகளை எட்டாம் வகுப்பில் சேர்த்தேன்.

மற்ற பிள்ளைகள் புதுப் பள்ளியில் பேர் சொல்லும், அப்பா என்ன வேலை என்று சொல்லும். என் மகள் முதல் நாளே பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம், "நாங்க மூணு வருஷத்துல போயிடுவோம்" என்றாளாம். எங்கே போனாலும் அவள் அப்படித்தான் சொல்லிக்கொள்வாள் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அந்தப் பெண் விட்ட பதில்தான் பதில். "அதுக்கு இன்னா இப்போ? போற அன்னிக்குப் பாத்துக்கலாம், வா, கேன்டீன்ல கூட்டமாய்டும்."

அந்தப் பெண்ணின் குடும்பம் இந்த ஊரின் பழைய குடும்பம். நிலத்தில் பயிர் போட்டவர்கள், இப்போது அதே நிலத்தில் கடை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அவள் அப்பாவுக்குச் செங்கல், மணல், ஜல்லி வியாபாரம். எங்கள் தெருவுக்குப் பின்தெருவில், கீழே கடை, மேலே வீடு. அவள் முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்ததும் நேராக அந்த அறையைத் திறந்து, இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள். "இன்னா ஆன்ட்டி இது? பொட்டிக்கு ஒரு ரூமு, இவளுக்கு ரூமு இல்லியா?" எனக்குச் சுருக்கென்றது. சிரித்துச் சமாளித்தேன். அதற்கப்புறம் அவள் எப்போது வந்தாலும், "பொட்டியெல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். செத்துப்போன மிக்ஸியின் கதையை மகள் சொல்லப்போய், அவள் விழுந்து விழுந்து சிரித்து விக்கல் எடுத்ததும் ஞாபகம் இருக்கிறது.

இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒரே பெஞ்சு, ஒரே டியூஷன். மின்சார ரயிலேறி தாம்பரம் போய்ப் பொட்டும் வளையலும் வாங்கிக்கொண்டு, ஸ்டேஷன் வாசலில் பானிபூரி தின்றுவிட்டு, ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று வந்து நிற்கும். என் மகள் வாயில் 'இன்னா'வும் 'வூடு'ம் வர ஆரம்பித்தன. நான்கு நாட்டு மொழியில் நன்றி சொல்லத் தெரிந்த பெண், ஆட்டோக்காரரிடம் கறாராகப் பேரம் பேசினாள். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

பத்தாவது முடிந்து பதினொன்றாம் வகுப்பு ஆரம்பித்த சமயத்தில் மாற்றல் வந்தது. உலக உருண்டையில் நமக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கிற ஊர். மகள் கேட்டுக்கொண்டாள். "ஓகே" என்றாள். அழவில்லை, கத்தவில்லை. "பார்த்தியா, நம்ம பொண்ணு பழகிட்டா" என்று அவருக்குப் பெருமை.

பழகிட்டாளாம்! என்ன பழகியிருந்தாள் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. காலையில் சிநேகிதிக்காகக் கேட்டில் காத்திருப்பவள், அவளுக்கு முன்னாலேயே கிளம்பிப் போனாள். "அவ ஓவரா பேசறாம்மா" என்றாள். அப்புறம், "அவ நோட்ஸ் குடுத்தா திருப்பித் தர்றதில்ல" என்றாள். சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போகவில்லை. அந்தப் பெண்ணே சாயங்காலம் ஃபாயில் பேப்பரில் கேக் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். மகள் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு திவானில் உட்கார்ந்தபடி என்னிடம், "தூங்கறேன்னு சொல்லிடு" என்றாள். சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. கதவு பாதி திறந்திருந்தது, அந்தப் பெண்ணின் காதில் விழுந்துவிட்டது. கேக்கை என் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிறவள், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு அப்போதுதான் பொறிதட்டியது. குளிர் ஊரில் இருந்தபோதும் இப்படித்தான். எதிர்வீட்டுப் பெண்ணோடு உயிருக்கு உயிராக இருந்தவள், நாங்கள் கிளம்பும் வருஷத்தில், "அவ போர்" என்று விட்டுவிட்டாள். அதற்கு முந்தைய ஊரில், சின்னக் குழந்தை அப்போது, தோழி கொடுத்த பொம்மையைத் தானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். கிளம்பும்போது வலிக்கக்கூடாது என்று முன்கூட்டியே அறுத்துவிடுகிறாள்! பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிற அப்பாவுக்கு மனுஷர்களை ஒவ்வொருவராகத் தூக்கிப்போடுகிற மகள். முடியாது என்று அங்கேயே, கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே முடிவு பண்ணினேன். இந்தத் தடவை நாங்கள் இரண்டு பேரும் போகப்போவதில்லை.

அவரிடம் எங்கே பேசுவது என்று யோசித்தேன். வீட்டில் பேசினால் மனுஷர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு நழுவிவிடுவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனோம். திரும்பும்போது பெருங்களத்தூரில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. முன்னால் பஸ், பின்னால் லாரி, பக்கத்தில் ஷேர் ஆட்டோ. எங்கே தப்பிப்பார்?

"நானும் பொண்ணும் வரல. நீங்க மட்டும் போங்க" என்றேன்.

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே, "பார்க்கலாம்" என்றார்.

"உங்க ஆபீஸ் 'பார்க்கலாம்' எல்லாம் எங்கிட்ட வேணாம். அதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்."

"அங்கயும் நல்ல ஸ்கூல் இருக்கு. விசாரிச்சுட்டேன்."

"ஸ்கூல் எங்கயும்தான் இருக்கு. நான் ஸ்கூலைப் பத்திப் பேசல" என்று கேக் கதையைச் சொன்னேன். பொம்மைக் கதையையும் சொன்னேன். பின்னால் இருந்த லாரிக்காரன் சும்மாவே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"நான் மட்டும் அங்க தனியா என்ன பண்ணுவேன்?" என்றார் கடைசியில். குரல் உடைந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் எனக்கு அது வேணும், இது வேணும் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கிற மாதிரி இல்லை.

"எனக்கு மட்டும் இனிக்குதா? ரெண்டு வருஷம். அவ பன்னெண்டாவது முடிக்கட்டும். லீவுக்கு லீவு நாங்க வர்றோம், நீங்க வாங்க. மாவுக்கு ஹீட்டர் பக்கம் எப்படி வைக்கணும்னு சொல்லித் தர்றேன்."

வண்டி கொஞ்சம் நகர்ந்தது. வண்டலூர் உயிரியல் பூங்கா வாசலைத் தாண்டியதும், "அப்போ அந்தப் பெட்டியெல்லாம்?" என்றார்.

அப்பாடா! சம்மதித்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. "எல்லாம் போகுது" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை மகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ். அவளிடம் இன்னும் மூச்சுவிடவில்லை. வெறும் வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்பமாட்டாள் என்று எனக்குத் தெரியும். 'இந்த வீட்டுல ரொம்ப நாள் இருப்போம்' என்று நாங்கள் எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறோம்! பழைய பேப்பர் கடை அண்ணனுக்குப் போன் பண்ணினேன். அவர் குட்டியானை வண்டியோடு வந்து, அறையைப் பார்த்ததும் மலைத்துப்போனார்.

"இன்னாக்கா, எதுனா கடை வெச்சு மூடிட்டீங்களா?"

"ஆமாண்ணா, மூடிட்டோம்" என்றேன்.

என் வீட்டுக்காரர் டிவி பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினார். பிரிட்ஜ் பெட்டி, ஓவன் பெட்டி, கிரைண்டர் பெட்டி, சைக்கிள் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் போயின. டின்னர் செட் பெட்டி வந்தபோது அதை மார்போடு அணைத்துக்கொண்டு, "இது மட்டும் இருக்கட்டுமே" என்றார். நான் அவரைப் பார்த்தேன். கொண்டுபோய் வண்டியில் வைத்தார். தெர்மாகோல் தெருவெல்லாம் பறந்து, கீழ்வீட்டு அம்மா சண்டைக்கு வந்து, நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பெருக்கியது தனிக்கதை.

மத்தியானம் மகள் வந்தாள். அறைக்கதவு திறந்திருந்தது. ஜன்னல் வழியாக வெயில் விழுந்திருந்தது. அங்கே ஒரு ஜன்னல் இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

"பெட்டியெல்லாம் எங்கம்மா?"

"போட்டாச்சு."

"அப்போ எப்படி பேக் பண்ணுவோம்?"

"அப்பா மட்டும் சூட்கேஸோட போறார். நீயும் நானும் இங்கதான். இது உன் ரூம்."

பையைக்கூடக் கழற்றாமல் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள் பாருங்கள், அப்படி ஓர் அழுகை. மாற்றல் என்றபோது அழாதவள், பொம்மையைத் திருப்பிக் கொடுத்தபோது அழாதவள், எல்லாவற்றுக்கும் சேர்த்து அன்றைக்கு அழுதாள். அவர் வாசலில் நின்று கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்துக் கேட்டது இதுதான்.

"அம்மா, சண்டை போட்டவங்ககிட்ட மறுபடி எப்படிப் பேசறது?"

பதினாறு வயசுப் பெண்ணுக்குத் தெரியவில்லை! எப்படித் தெரியும்? சண்டை போட்டால் விமானம் ஏறிவிடுவோம், அதோடு சரி. நாட்டுக்கும் நாட்டுக்கும் கைகுலுக்கி வைப்பதை வேலையாக வைத்திருக்கிற வீட்டில், சமாதானம் என்றால் என்ன என்று பிள்ளைக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. அவள் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"எந்திரி. போய் முன்னால நில்லு. மிச்சம் தானா வரும்" என்றேன்.

"நீயும் வா."

ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நான் கீழேயே நின்றேன். மாடிப்படி வெளியில்தான், எல்லாம் தெரியும், கேட்கும். மகள் ஏறிப்போய் மணியடித்தாள். அந்தப் பெண் கதவைத் திறந்து, நிலையில் கைவைத்து மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னாடி? நீதான் போகப்போறவளாச்சே. போ."

ஏதாவது சொல்லேண்டி என்று நான் கீழே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"டிவி பெட்டியப் போட்டாச்சு" என்றாள் மகள்.

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"பிரிட்ஜ் பொட்டி?" என்று கேட்டாள்.

"அதுவும்."

"மிக்ஸி பொட்டி? அந்தச் செத்துப்போன மிக்ஸி பொட்டி?"

"அதுவும் போயிடுச்சு."

அவள் நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

"செருப்ப அங்கயே வுட்டுட்டு வா" என்றாள்.